தண்டவாளத்தில் எடுக்கும் படம்

வெள்ளவத்தைக்கும் கடலுக்கும் நடுவே இரட்டைப் புகையிரதப் பாதை ஓடுகின்றது. மாலை வேளையில் அதனைக் கடந்து கடற்கரைப் பாறைகளை நாடுவோர் பலர். கொட்டாஞ்சேனையிலிருந்து காற்று வாங்க வரும் பிள்ளைகளும் அவருள் உளர். அவர்களுட் சிலர் தண்டவாளத்தின் நடுவே நின்று, கையை நீட்டிக் கைத்தொலைபேசியில் தம்மைத் தாமே படம் பிடிக்கக் கண்டு நாம் அஞ்சுகின்றோம். 2017 ஒக்டோபரில் இந்நகரிலேயே, அவ்வாறு 'செல்பி' எடுத்துக்கொண்டிருந்த சகோதரர் இருவர் புகையிரதம் மோதி மாண்டனர்.

2011 ஒக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் 259 பேர் இவ்வாறு இறந்ததாக, பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்த இந்திய மருத்துவர் 2018இல் எழுதினர். நீரில் மூழ்கியோரே அவருள் மிகுதி. அடுத்த இடம் புகையிரதம் முதலிய வாகனங்களுக்கு.

இளைஞரின் தற்பெருமையே காரணம் என்று ஏசுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. தன்னைப் படம் எடுப்பவன் ஆபத்துக்கு முதுகைக் காட்டியே நிற்கின்றான். அவன் காணும் சிறு திரையோ, அகன்ற பரப்பை அடக்கும் வில்லையினால், பின்னால் வரும் வண்டியை உள்ளதினும் சிறிதாகவும் தொலைவாகவும் காட்டுகின்றது. அலையோசை வண்டியின் ஓசையை விழுங்கிவிடும். ஒரு வண்டிக்கு விலகி மற்றைப் பாதையில் ஏறுபவனை எதிர்த்திசை வண்டி எதிர்கொள்ளவுங் கூடும். சாரதி கண்டு தடுத்தாலும், பலநூறு மீற்றர் ஓடியன்றி வண்டி நில்லாது.

நம் கல்லூரியின் பழைய குழுப்படங்களை நோக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே படப்பிடிப்பாளர் ஒருவர் நின்றார். நம் பின்னால் நடப்பதை அவர் கண் பார்த்துக்கொண்டது. (வெயிலில் நம்மை வாட்டினார் என்பது வேறு கதை.) அந்தக் கண்ணே இன்று இல்லாமற் போயிற்று. படம் எடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாதைக்கு வெளியே நின்று, தோழன் ஒருவன் கையிற் கருவியைக் கொடுங்கள் என்கின்றோம். மும்பைப் பொலிஸார் 2016இற் சில கடற்கரைகளிற் செல்பியைத் தடைசெய்தனர். தடைப்பலகை நன்றே, ஆயின் நம் பிள்ளைகள் அப்பலகையின் அருகே நின்றும் ஒரு படம் எடுப்பர் என்பது நம் ஐயம்.

பழைய மாணவராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. தண்டவாளப் படம் வாட்சப் குழுவுக்கு வந்ததும் முதலில் மெச்சுவோர் மாமாமாரும் அண்ணன்மாருமே. அந்த மெச்சுதலுக்காகத்தானே பிள்ளை அங்கு நிற்கின்றான்! இனி மெச்சாது, உடனே அவனை அழைத்து, "தம்பி, இதை எடுக்கையில் உன் பின்னால் யார் பார்த்துக்கொண்டிருந்தது?" என்று கேட்போமாக. யூபிலி விழா நாட்களிற் கல்லூரி முற்றத்திற் படப்பிடிப்பாளர் ஒருவரைச் சங்கம் நிறுத்துமாயின், அச்செலவை ஏற்க நம்முட் பலர் முன்வருவர்.