நெடுவழிக்கு ஏற்ற சைக்கிள்

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, ஒரே தாளில் மூவர் எழுதியதாக இருந்தது. மேற்பகுதியை எழுதியவர் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை சைக்கிளிற் செல்லவேண்டும் என்பது அவரது நெடுநாளைய ஆசை. அதற்கென இரண்டாண்டுகளாகப் பணம் சேர்த்திருக்கிறார். மெல்லிய ரயர் பூட்டிய பந்தயச் சைக்கிள் ஒன்றைக் கடையிற் பார்த்தும் வைத்திருக்கிறார். அதனை வாங்கலாமா என்பதே அவர் கேள்வி. அதன்கீழே, பல்கலைக்கழகத்திற் பயிலும் அவர் தமக்கையார், தாமும் உடன் செல்ல விரும்புவதாகவும், தம்மிடம் உள்ளது பாடசாலைக் காலத்துப் பெண்கள் சைக்கிளே என்றும் எழுதி, அது போதுமா என வினவியிருக்கிறார். தாளின் அடியில் அன்னையார் இரண்டே வரிகள் சேர்த்திருக்கிறார்: "பிள்ளைகளின் தகப்பனார் இன்னும் சம்மதிக்கவில்லை. நீங்கள் எழுதுவதைப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவாராம்."

இவ்விரு வரிகளைப் படித்தபின் எமது பொறுப்புப் பெரிதாயிற்று. சைக்கிள் வாங்கும் வகையை எழுதுவது எளிது. ஒரு வீட்டின் இரு பிள்ளைகளை நெடுவழிக்கு அனுப்புவதா, நிறுத்துவதா என்ற முடிவுக்குத் துணையாக எழுதுவது அத்துணை எளிதன்று. ஆதலின் அறிந்ததை எழுதுகிறோம். பட்டதையும் மறையாது எழுதுகிறோம்.

2012ஆம் ஆண்டு நாமும் இதே வழியிற் புறப்பட்டோம். அன்று எம்மிடம் இருந்ததும் தம்பி விரும்புவது போன்ற சைக்கிளே. ஒரு கையால் தூக்கக்கூடிய பாரம். கண்ணைப் பறிக்கும் வர்ணம். சில்லொன்றுக்கு 24 கம்பிகள் மாத்திரம். அதன் பின்புறத்தில் ஒரு கரியரை எப்படியோ பிணைத்து, 20 கிலோ மூட்டையை ஏற்றினோம். கிளிநொச்சியைக் கடக்கும் வரை எமக்கு நிகர் எவருமில்லை என்றே எண்ணினோம். மாங்குளத்துக்கு அப்பால், மாலை நான்கு மணியளவில், பின்சில்லில் 'டிங்' என்றோர் ஓசை எழுந்தது. ஒரு கம்பி அறுந்துவிட்டது. அரைமணி நேரத்துள் மேலும் இரண்டு அறுந்தன. றிம் வளைந்து பிறேக் கட்டையில் உரசவே, சில்லுச் சுழல மறுத்தது.

சைக்கிளை உருட்டியும் தூக்கியும் ஒரு சிறு திருத்தகத்தை அடைந்தபோது இருள் சூழ்ந்துவிட்டது. கடைக்காரர் முதியவர், தொழிலில் வல்லவர். ஆயினும் அவரிடமிருந்த கம்பிகளுள் ஒன்றேனும் எமது சில்லுக்குப் பொருந்தவில்லை. அத்துணை மெல்லிய ரயரும் அவரிடம் இல்லை. அன்றிரவு அவர் வீட்டு விறாந்தையிற் படுத்து, மறுநாள் லொறியொன்றில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். விடைபெறும் வேளையில் அவர், "தம்பி, தூர வழிக்குக் கொண்டுபோற சைக்கிள், வழியில இருக்கிற கடைக்காரனுக்குத் தெரிஞ்ச சைக்கிளாய் இருக்க வேணும்" என்றார். இதனினும் சிறந்த விதியொன்றை நாம் பின்னர் எங்கும் கேட்டிலோம்.

எனவே, தம்பி, அந்தப் பந்தயச் சைக்கிளை வாங்கவேண்டாம். பந்தயச் சைக்கிள் பழுதானதன்று. பிறிதொரு வேலைக்கென ஆக்கப்பட்டது. வெறுஞ்சுமையுடன் விரைந்தோடுவது அதன் வேலை. மூட்டையுடன் பலநாள் ஓடுவதற்கு வேண்டிய குணங்கள் வேறு.

முதலாவது குணம், உடம்புக்கு இசைதல். சைக்கிளின் குறுக்குச் சட்டத்தின் இருபுறமும் காலூன்றி நிமிர்ந்து நில்லுங்கள். சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரலளவேனும் இடைவெளி வேண்டும். பின்னர் ஆசனத்தில் அமர்ந்து, மிதி மிகத் தாழ்ந்து நிற்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீளுமாயின் ஆசனத்தின் உயரம் ஏறக்குறையச் சரி. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடிந்திருக்கும். ஆசனம் தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். மிக உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். ஐந்து கிலோமீற்றரில் தெரியாத இக்குறை, ஐம்பதாவது கிலோமீற்றரில் கண்ணீரை வரவழைக்கும். மெத்தென்ற பஞ்சு ஆசனம் சுகமென்று எண்ணுவோரும் உளர். உண்மையில், இருப்பெலும்புகள் இரண்டையும் தாங்குமளவு அகலமும் சிறிது உறுதியும் உள்ள ஆசனமே நெடுநேரம் நோகாதது.

இரண்டாவது குணம், சுமை தாங்கலும் வழியிற் திருத்தக்கூடியதாதலும். இதற்கு உருக்குச் சட்டமே சிறந்தது. அது சிறிது பாரம். ஆயினும் வெடித்தால் ஊர்தோறும் உள்ள ஒட்டு வேலைக்காரர் ஒருவரால் பெரும்பாலும் ஒட்டிவிடலாம். அலுமினியச் சட்டத்தை ஒட்டுவதற்குத் தனிப் பயிற்சியும் கருவியும் வேண்டும். பின்சில்லில் 36 கம்பிகள் இருத்தல் நலம். சுமையிற் பெரும்பங்கு பின்சில்லின் மேலேயே விழுகிறது. அதிலும் பற்சில்லு உள்ள வலப்புறக் கம்பிகள் கூடிய இழுவையில் நிற்பதால், அவையே பெரும்பாலும் அறுவன. அதே நீளமுள்ள மாற்றுக் கம்பிகள் நான்கைச் சட்டத்தோடு சேர்த்து நாடாவாற் சுற்றிக் கட்டிச் செல்வது பழைய யாத்திரிகர் கண்ட உபாயம்.

ரயரைப் பொறுத்தவரை, எங்கும் கிடைப்பதே நல்லது. 26 அங்குலச் சில்லுக்குரிய, ஒன்றேமுக்கால் அங்குல அகலமுள்ள ரயர் எமது வீதிகளுக்கு மிகவும் ஏற்றது. பந்தய ரயரின் அகலம் 23 முதல் 28 மில்லிமீற்றர் வரையே. இதுவோ ஏறக்குறைய 45 மில்லிமீற்றர். காற்று நிறைய உள்ளதால் குழியின் அதிர்ச்சியை இதுவே ஏற்றுக்கொள்ளும். மணற்பாங்கான ஒழுங்கைகளிலும் புதையாது.

மூன்றாவது, கியர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்க்கு ஏற்றம் என்பது பாலங்களில் மாத்திரம் காணும் பொருள். தம்புள்ளைக்கு அப்பால் அந்த எண்ணம் மாறிவிடும். ஒரு கணக்கைப் பாருங்கள். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள 28 அங்குலச் சில்லுச் சைக்கிள், மிதியை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் செல்லும். முன்னே 28, பின்னே 32 பற்களுள்ள 26 அங்குலச் சைக்கிளோ 1.8 மீற்றரே செல்லும். அதே சுற்றுக்கு மூன்றிலொரு பங்கு தூரம். ஆதலால் காலுக்கும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வருத்தமே. மூட்டையுடன் மலையேறுவோர்க்கு விரைந்தோடும் பெரிய கியரைவிட இச்சிறிய கியரே உயிர்த்தோழன்.

தங்கைக்கு இங்கே ஒரு சொல். உங்களுடைய சைக்கிள் பெண்கள் சைக்கிள் என்பதனால் மட்டும் தள்ளத்தக்கதன்று. சட்டம் உருக்காலானதாயும், உயரம் உங்களுக்கு இசைந்ததாயும் இருப்பின், சில்லுகளை நல்ல திருத்துநர் ஒருவரிடம் கொடுத்துக் கம்பிகளை இறுக்கி, ரயர், ரியூப், செயின், பிறேக் கட்டைகளைப் புதியனவாக மாற்றுங்கள். மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள ஏற்றங்களில் இறங்கி உருட்டிச் செல்ல நேரலாம். அதில் வெட்கம் எதுவுமில்லை. அயர்லாந்துப் பெண்மணி டேர்வ்லா மேர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளன்று ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலகப் படநூலும் பரிசாகக் கிடைத்தன. சில நாட்களுள் இந்தியாவுக்குச் சைக்கிளிற் செல்வதென உறுதிகொண்டவர், 1963ஆம் ஆண்டு சனவரியிற் புறப்பட்டு, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக டில்லியை அடைந்தார். கரடுமுரடான வழியில் கெட்டுவிடும் என்று கருதி, தமது சைக்கிளில் இருந்த கியரையே அவர் புறப்படுமுன் கழற்றிவிட்டார். கியர் வேண்டாம் என்பது எமது கருத்தன்று. தம் சைக்கிளையும் தம் வழியையும் நன்கறிந்து முடிவு செய்தார் என்பதே நாம் கொள்ளவேண்டியது.

பிறேக்கைப் பற்றிச் சிக்கனம் பாராட்டற்க. இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் வழுக்கும். அலுமினிய றிம்மில் அது நன்கு பிடிக்கும். இறக்கத்தில் பிறேக்கை இடைவிடாது அழுத்தினால் றிம் சூடேறும். அழுத்துவதும் விடுவதுமாக இறங்கவேண்டும்.

இனி, மூட்டை. முதுகிற் பையைச் சுமந்து சைக்கிளோட்டுவது கழுத்துக்கும் இடுப்புக்கும் தீங்கு. சுமையைச் சைக்கிளே சுமக்கட்டும். உறுதியான கரியரின் இருபுறமும் தொங்கும் இரு பைகள் போதும். இருபக்க நிறையும் சமமாகவும், பாரமானவை அடியிலும் இருக்கவேண்டும். ஒருவருக்கு 10 கிலோவுக்கு மேற்படாதிருத்தல் நன்று. தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பார் 1884ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெரிய முன்சில்லுச் சைக்கிளிற் புறப்பட்டு உலகைச் சுற்றியபோது, காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய ஒரு மழையங்கி, ஒரு கைத்துப்பாக்கி ஆகியவற்றுடனேயே கிளம்பினார். கண்டிக்குச் செல்வோர்க்குத் துப்பாக்கியும் வேண்டியதில்லை.

எதனை எடுப்பது, எதனை விடுவது என்பதை இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஸ்டீவன்ஸ் வரவேண்டுமா? 1990களில் எரிபொருள் தட்டுப்பட்ட யாழ்ப்பாணத்தில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி வெளியேறியபோது, ஒரு குடும்பத்தின் உடைமை முழுதும் ஒரு சைக்கிளின் கரியரிலும் ஹாண்டிலிலும் தொங்கிற்று. எதனைக் கட்டுவது, எதனை வாசலில் வைத்துவிட்டுச் செல்வது என்பதை ஒரு மணி நேரத்தில் முடிவு செய்தவர்கள் அத்தலைமுறையினர். தந்தையார் அவர்களுள் ஒருவராக இருத்தல் கூடும். அவ்வாறாயின் அவரது தயக்கத்தின் காரணம் எமக்கு விளங்குகிறது. நெடுவழி என்ற சொல் அவர் காதில் விழும் வகை வேறு. பிள்ளைகளின் காதில் விழும் வகை வேறு.

கருவிகளாவன: இரண்டு மாற்று ரியூப், ஒட்டுத் துண்டுகளும் பசையும் உரைதாளும், ரயர் கழற்றும் நெம்புகள், காற்றடிக்கும் பம்ப், திருகிகள், கம்பி இறுக்கும் சாவி, மாற்றுப் பிறேக் கம்பியும் கட்டைகளும், சில ஆணிகள், சிறிதளவு எண்ணெய். முன்னும் பின்னும் விளக்கு, ஒளிதெறிக்கும் மேலங்கி, தலைக்கவசம் ஆகியவை இன்றி வாசலைத் தாண்டுதல் கூடாது. ஒருவர்க்கு மூன்று லீற்றர் நீரேனும் சைக்கிளில் இருக்கவேண்டும். வியர்த்துச் சோர்ந்தால், ஒரு லீற்றர் சுத்தமான நீரில் தேக்கரண்டியாற் சமமட்டமாக ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் பருகுக.

வழி ஏறக்குறைய 320 கிலோமீற்றர். ஆறு நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கிளிநொச்சி, வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. ஆகஸ்டு விடுமுறையிற் செல்வதாயின் சோளகக் காற்று எதிர்த்து வீசும். அது வலுக்கும் முன்னர், விடியற் காலையிலேயே புறப்பட்டு, பதினொரு மணிக்குள் பெரும்பகுதியைக் கடந்துவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் ஓடவே வேண்டாம். மிகிந்தலைக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட பகுதிகளில் அவ்வேளை யானை நடமாட்டம் உண்டு. வன்னியில் எச்சரிக்கைப் பலகை கண்ட இடங்களில் வீதியை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள்.

முடிவாகத் தந்தையாருக்கு ஒரு விண்ணப்பம். வேண்டாம் என்று சொல்லுமுன் இரண்டு சோதனைகள் வையுங்கள். முதலாவது: முழு மூட்டையுடன் இருவரும் பருத்தித்துறை சென்று மீளட்டும், ஏறத்தாழ 65 கிலோமீற்றர். மறுநாள் காலை மீண்டும் அதே வழியை ஓடட்டும். முதல்நாள் எவரும் ஓடுவர். இரண்டாம் நாளே சைக்கிளின் இசைவையும் மூட்டையின் அளவையும் உள்ளபடி உரைக்கும். இரண்டாவது: உங்கள் முற்றத்தில், உங்கள் கண்முன்னே, ஒவ்வொருவரும் தனித்தனியே பின்சில்லைக் கழற்றி, ரியூபுக்கு ஒட்டுப்போட்டு, மீண்டும் பூட்டிக் காட்டட்டும். தம்பி செய்து, தமக்கை பார்த்து நிற்றல் செல்லாது.

இவ்விரண்டிலும் தேறினால், ஐயா, மூட்டையை நீங்களே உங்கள் கையாற் கட்டிக் கொடுங்கள். சுமை சரியாதிருக்கக் கயிற்றை எங்கே குறுக்கே கொண்டுவந்து முடியவேண்டும் என்பது எந்தக் கடையிலும் விற்கப்படுவதன்று. அதனை அறிந்த கை உங்கள் வீட்டிலேயே இருக்கின்றது. அன்று திரும்பி வருவோமோ என்றறியாது கட்டிய கை, இன்று திரும்பி வருவதற்கென்றே கட்டட்டும்.

கண்டியை அடைந்ததும் பிள்ளைகள் எமக்கு ஒரு வரி எழுதுவார்களாக.