மாந்தோப்பு மருந்தும் கண்மாய்த் தண்ணீரும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மலையடிவாரம் நெடுக மாந்தோப்புகள். தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து இலையோடு நிற்பதில்லை. உயரமான மரத்துக்கு விசைத்தெளிப்பானால் அடிக்கையில் நுண்துளிகள் காற்றோடு அடுத்த தோட்டத்துக்குப் போகின்றன. மண்ணில் விழுந்தது மழைநீரில் கரைந்தும் வண்டலில் ஒட்டியும் ஓடை வழியே கண்மாய் சேர்கிறது.

மாவுக்கும் பருத்திக்கும் ஒரு காலத்தில் தாராளமாக அடித்த எண்டோசல்ஃபானே இதற்குச் சாட்சி. மண்ணில் நீண்ட நாள் தங்கும். மீனுக்குக் கொடிய நஞ்சு. உயிர்களின் உடலில் சேரும். ஆவியாகித் தொலைதூரம் போகும். ஆர்க்டிக்கில்கூட அது கண்டறியப்பட்டது. காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்ததும் அங்கு பரவிய நோய்களும் பெரும் விவாதமாயின. 2011 ஏப்ரலில், நெடுநாள் அழியாத நச்சுப்பொருள்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அது சேர்ந்தது. மே 13 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவில் தடை விதித்தது.

தடை ஒரு மருந்தைத்தான் நிறுத்தும். மற்றவற்றுக்கு டப்பாவில் உள்ள முக்கோணமே வழிகாட்டி: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. கடையில் அதைப் பார்த்து வாங்குவோர் குறைவு.

காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போடாத டப்பா யார் வீட்டிலாவது தண்ணீர் பிடிக்கப் போய்விடும். தெளிப்பானை ஓடையில் கழுவுவது மருந்தை நேரே கண்மாயில் கொட்டுவதுதான். காற்றடங்கிய காலையில், பூ விரியும் முன்பே தெளித்தால் தேனீயும் பிழைக்கும். காலி டப்பாக்களை மருந்துக் கடைகளே திரும்பப் பெற வேளாண்மைத் துறை ஏற்பாடு செய்யலாம்.

– வாசகர், ராஜபாளையம்