பள்ளிக்கு நடக்கும் தூரமே ஊரின் தரம்

நெய்யாற்றின்கரை நகராட்சிக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட கேரள–தமிழ்நாடு எல்லையோர ஊர்களில் மனையோ வாடகை வீடோ தேடும் குடும்பம் முதலில் விசாரிப்பது பள்ளியின் பெயரை. அடுத்தது செண்ட் விலையை. அந்த வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்குப் பிள்ளை நடந்து போக வழி உண்டா என்பதைக் கடைசியில் கேட்கிறார்கள், பல நேரங்களில் கேட்பதே இல்லை. இந்த வரிசையை மாற்ற வேண்டும். நல்ல பள்ளிக்குப் பஞ்சமில்லாத இந்த வட்டாரத்தில் ஒரு ஊரை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பள்ளிக்குப் போகும் பாதைதான். அந்தப் பாதையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் பொறுப்பு. அதை நடக்கத் தக்கதாக வைத்திருப்பது உள்ளாட்சியின் பொறுப்பும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பும் ஆகும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகள், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. நடந்து செல்லும் தூரம் என்பதே இதன் அடிப்படை. இந்த அளவுகோல் தெற்குத் திருவிதாங்கூருக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மிஷன் பாறசாலையைத் தன் நிலையங்களில் ஒன்றாக்கிய காலத்திலிருந்தே தேவாலயத்தை ஒட்டிப் பள்ளி, பள்ளியை ஒட்டிக் குடியிருப்பு என்று ஊர்கள் வளர்ந்தன. செறுவாரக்கோணத்து சாமுவேல் எல்.எம்.எஸ். பள்ளி அந்த மரபில் வந்தது. பின்னர் அரசுப் பள்ளிகளும் நாயர் சேவைச் சங்கத்தின் பள்ளிகளும் கத்தோலிக்க மடங்களின் பள்ளிகளும் சேர்ந்தன. இதனால் காரோடு, செங்கல், தனுவச்சபுரம், உதியன்குளங்கரை, அமரவிளை என எந்தப் பக்கம் போனாலும் அருகில் ஒரு பள்ளி கண்ணில் படுகிறது.

கட்டடமும் கருவிகளும் இன்று பெரிய வேறுபாடாக இல்லை. 2016இல் கேரளம் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு அரசுப் பள்ளிக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் 45,000 வகுப்பறைகள் கணினி வசதி பெற்றன. தமிழ்நாடு 2022இல் தொடங்கி 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்த காலை உணவுத் திட்டம், அரசுப் பள்ளியை நோக்கிக் குடும்பங்களை ஈர்க்கும் இன்னொரு காரணம். இரு பக்கமும் பள்ளி நன்றாகவே இருக்கும்போது, பெயரை மட்டும் நம்பி 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குப் பிள்ளையை வேனில் அனுப்புவதில் கிடைக்கும் ஆதாயம் சிறிது.

எல்லையோரக் குடும்பம் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு முடிவையும் எடுக்க வேண்டியிருக்கிறது: எல்லையான இஞ்சிவிளைக்கு வடக்கே குடியிருப்பதா, தெற்கே குடியிருப்பதா? 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தன் கோரிக்கையில் வைத்திருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. குடும்பங்களும் நிலங்களும் கோயில், தேவாலயத் தொடர்புகளும் எல்லையின் இரு பக்கமும் கிடக்கின்றன. சான்றிதழ்கள் மட்டும் ஒரு பக்கத்தைத்தான் சேர முடியும்.

அதன் விளைவுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 8 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவர், பொறியியல் கலந்தாய்வுக்குப் பூர்வீகச் சான்று காட்ட வேண்டியதில்லை. 6 முதல் 12 வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும், பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். கேரளத்திலோ, பிளஸ் ஒன் சேர்க்கையின் ஏகஜாலக (ஒற்றைச் சாளர) முறையில் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு தேறியவருக்கும், பள்ளி அமைந்துள்ள உள்ளாட்சியிலேயே குடியிருப்பவருக்கும் கூடுதல் புள்ளிகள் உண்டு. அருகில் குடியிருப்பதற்கு மதிப்பெண் தரும் இந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி, பழங்குடிச் சான்று குடிபெயர்ந்த மாநிலத்தில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று 1990இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

மொழியும் இதில் சேரும். தமிழ்நாடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. கேரளம் 2017இல் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. மொழிச் சிறுபான்மையினருக்குச் சில விலக்குகள் இருக்கின்றன என்றாலும், ஏழாம் வகுப்பில் பக்கம் மாறும் பிள்ளை புதிய எழுத்தைப் படித்துக்கொண்டே மற்றப் பாடங்களையும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே எந்தப் பக்கம் என்பதை முதல் வகுப்புக்கு முன்பே தீர்மானித்துவிடுவதும், தீர்மானித்த பின் பத்தாம் வகுப்புவரை மாறாதிருப்பதும் நல்லது. பக்கம் முடிவானபின் மிஞ்சும் கேள்வி, எந்த ஊர், ஊருக்குள் எந்தத் தெரு என்பது.

1929இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக கிளாரன்ஸ் பெர்ரி வகுத்த குடியிருப்பு அலகு இதற்கு எளிய விதி ஒன்றைத் தருகிறது. நடுவில் தொடக்கப் பள்ளி, அரை மைலுக்குள் வீடுகள், பெரிய சாலைகள் ஓரத்தில். பள்ளிக்குப் போகும் குழந்தை அந்தப் பெரிய சாலையைக் கடக்கவே கூடாது. ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் குறிக்கப்பட்ட வழிகளில் குழுவாக நடந்து போவது இன்றும் அன்றாட வழக்கம். இந்த விதியை எல்லையோர ஊர்கள்மேல் வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள நெய்யாற்றின்கரை, இந்த விதிக்கு மிக அருகில் வருகிறது. அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, செயின்ட் தெரசா பெண்கள் பள்ளி, பொது மருத்துவமனை, நீதிமன்றம், தாலுகா அலுவலகம், கிருஷ்ணசுவாமி கோயில், அரசுப் பேருந்து நிலையம் எல்லாம் நடக்கும் தூரத்தில் அமைந்த பழைய ஊர் இது. மாற்றுவழித் தெருக்கள் பல இருப்பதால், நெடுஞ்சாலையின் எந்தப் பக்கம் பள்ளியோ அந்தப் பக்கமே வீடு பிடித்தால் பிள்ளை பெரிய சாலையைத் தொடாமல் போய் வரலாம். குறை, டி.பி. சந்திப்பிலும் ஆலும்மூட்டிலும் காலை நேர நெரிசல்.

பாறசாலையின் பலம் வேறு. ரயில் நிலையமும் தாலுகா மருத்துவமனையும் அரசுத் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியும் மகாதேவர் கோயிலும் இங்கே இருக்கின்றன. 1979இல் திறந்த திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையால், பெற்றோரில் ஒருவருக்குத் தலைநகரிலும் மற்றவருக்கு நாகர்கோவிலிலும் வேலை என்றாலும் இருவரும் ரயிலில் போய் வரலாம். பக்கத்து ஊரான தனுவச்சபுரத்தில் பள்ளி, தொழிற்பயிற்சி நிலையம், கல்லூரி என்று படிப்பின் எல்லாப் படிகளும் உண்டு. ஆனால் பாறசாலை நெடுஞ்சாலையின்மேல் மணி கோத்ததுபோல் நீண்டு கிடக்கிறது. கடையோ பள்ளியோ பேருந்தோ, எதற்கும் அந்தச் சாலையில் இறங்காமல் முடியாது. எல்லைக்குத் தெற்கே களியக்காவிளையும் அதே நெடுஞ்சாலையின்மேல்தான் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் பள்ளிகளும் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியும் இருந்தும், மேம்பாலத்துக்கு அடியில் நடப்பவருக்கு மிஞ்சிய இடம் கொஞ்சம்.

இந்தச் சாலையில் காலை எட்டரை மணிக்கு நடக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நடைபாதை என்று இருப்பது ஓடைமேல் போட்ட ஸ்லாப். ஒன்று உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் கிடக்க, நடுவில் ஒன்றைக் காணோம். அதைத் தாண்டினால் மின்கம்பம். கம்பத்தைச் சுற்றினால் கடை வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர். பிள்ளை தாரில் இறங்கி வெள்ளைக் கோட்டை ஒட்டி நடக்கிறது. பின்னால் எம்சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரியும் எதிரே களியக்காவிளைப் பேருந்தும் வருகின்றன. இடவப்பாதி மழையில் ஓடை நிரம்பிவிட்டால் ஸ்லாப் எங்கே, இடைவெளி எங்கே என்று தெரிவதில்லை. இதைப் பார்த்த பெற்றோர் வேனுக்குப் பணம் கட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு வேனும் அதே சாலையில் இன்னொரு வண்டியாகி, வேன் இல்லாத பிள்ளையின் நடையை மேலும் ஆபத்தாக்குகிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். மலையாள நாட்டு மழையில் நடக்க முடியுமா என்பது ஒன்று. இந்த வட்டாரத்தில் முந்தைய தலைமுறைகள் குடையோடு நடந்தே பள்ளிக்குப் போயின. அன்று இல்லாதது மழை அல்ல, இத்தனை வேகமும் இத்தனை வண்டிகளும்தான். நுழைவுத்தேர்வுக் காலத்தில் தொலைவிலுள்ள பெயர்பெற்ற பள்ளியே பிள்ளையை முன்னேற்றும் என்பது மற்றொன்று. தொலைவுக்குப் போகும் பிள்ளை காலையில் முதல் ஆளாக வேன் ஏறி மாலையில் கடைசி ஆளாக இறங்கினால், நாளுக்கு இரண்டு மணி நேரம் சாலையில் கழிகிறது. அந்த நேரம் படிப்புக்கும் விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும் உரியது. பிளஸ் ஒன் வயதில் ரயிலிலோ பேருந்திலோ தொலைவுக்குப் போவது நியாயம். ஆறு வயதில் அதற்குத் தேவை இல்லை.

நிலைமையை மாற்றத் தகுந்த வேளை இப்போது வந்திருக்கிறது. கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை, தேசிய நெடுஞ்சாலை 66இன் கனரகப் போக்குவரத்தை நெய்யாற்றின்கரை, பாறசாலை நடுவிலிருந்து விலக்குவதற்காகப் போடப்பட்டது. தமிழ்நாட்டுப் பகுதியின் நான்கு வழிப் பணி முழுமையடையும்போது, கன்னியாகுமரிக்குப் போகும் லாரிக்குப் பழைய சாலையில் வேலை இல்லை. அதே சமயம் கரமனை–களியக்காவிளைப் பழைய சாலையை அகலப்படுத்தும் திட்டமும் இருக்கிறது. அது கொடிநடை வரை வந்து, பாலராமபுரத்தைத் தாண்ட ஆண்டுக்கணக்காகத் திணறுகிறது. பாலராமபுரத்துக்குத் தெற்கே இந்தச் சாலையை எதற்காக அகலப்படுத்துவது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். புறவழி இருக்கும்போது, ஊருக்குள் ஓடும் சாலையின் கூடுதல் அகலம் வேகத்துக்குப் போகக் கூடாது; நடப்பவருக்கும் பேருந்துக்கும் போக வேண்டும்.

அளவுகள் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளன. இந்திய சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் தடையில்லாத நடைபாதை குறைந்தது 1.8 மீட்டரும் கடைத்தெருவில் 2.5 மீட்டரும் இருக்க வேண்டும் என்றது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு, நடப்பவரும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்றது. பள்ளி வாயில்களின் முன்னால் இந்த இரண்டையும் கட்டாயமாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது யார் என்பதிலும் குழப்பம் இல்லை. 1990களின் அதிகாரப் பரவலுக்குப் பின் கேரளத்தில் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்திடமும், நகரங்களில் பள்ளிகள் நகராட்சியிடமும் உள்ளன. ஊர்ச் சாலைகளும் அவற்றின் கையில்தான். பள்ளியும் பாதையும் ஒரே அலுவலகத்தில் இருக்கும்போது, பாறசாலைப் பஞ்சாயத்தும் நெய்யாற்றின்கரை நகராட்சியும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் நடைவழி வரைபடம் போட்டு, ஆண்டுத் திட்டத்தில் நிதி ஒதுக்க எந்தத் தடையும் இல்லை. நெய்யாறு பாசனத் திட்டத்தின் சானல் கரைகள் பல இடங்களில் நெடுஞ்சாலையைத் தொடாமல் ஊரோடு ஊரைச் சேர்க்கின்றன. புதர் வெட்டி, விளக்குப் போட்டு, தண்ணீர்ப் பக்கம் கைப்பிடி வைத்தால் அவையே பள்ளிப் பாதைகளாகும். நெடுஞ்சாலைப் பகுதிக்குப் பொறுப்பு மாநிலப் பொதுப்பணித் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. எல்லைக்கு இருபுறமும் படிக்கும் பிள்ளைகளுக்காகக் களியக்காவிளைச் சந்திப்பில் பொதுவான கடவுப்பாதையும் காலை, மாலைக் காவலும் வேண்டும். அதற்கு திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் போதும்.

அதுவரை வீடு தேடும் குடும்பத்துக்குக் கணக்கு இது: சான்றிதழ், மொழி பார்த்து மாநிலப் பக்கத்தை முடிவு செய்வது, தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள், நெடுஞ்சாலையைக் கடக்கத் தேவையில்லாத பக்கத்தில் வீடு பார்ப்பது, முன்பணம் கொடுக்குமுன் பள்ளி நேரத்தில், முடிந்தால் மழை நாளில், அந்த வழியைப் பிள்ளையோடு நடந்து பார்ப்பது. இந்த அளவுகோலில் இன்று நெய்யாற்றின்கரையின் உள்தெருக்களே முன்னால் நிற்கின்றன. தனுவச்சபுரம் போன்ற உள்ளே தள்ளிய ஊர்கள் அடுத்து வரும். பாறசாலைக்கு ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் இருக்கின்றன; 1.8 மீட்டர் நடைபாதை மட்டும் இல்லை. அதைப் போட்டுத் தருவதற்கு வேண்டிய சட்டம், அளவு, அதிகாரம் எல்லாம் கைவசம் இருக்கும் நிலையில், இன்னும் தாமதிப்பதற்கு உள்ளாட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.