கடமை உபதேசம் யாருக்கு?

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறுப்புணர்ச்சி இல்லையாம்! அவர்களை நல்ல பிரஜைகளாக்க வேண்டுமாம்! கடலூரானாலும் சிதம்பரமானாலும் ஆண்டு விழா மேடை ஏறும் கனவான்களுக்கு இதுதான் பல்லவி. வரிசையில் நில், கைகட்டிக் கேள், குப்பையைத் தொட்டியில் போடு. அவர்களுடைய குடிமைப் பயிற்சி இதோடு முடிந்தது. குப்பையைத் தொட்டியில் போட வேண்டியதுதான், யார் மறுத்தார்கள்? அந்தத் தொட்டியைச் சுமப்பவனும் பிரஜைதானா என்பதல்லவா நமது கேள்வி!

1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தில் உரிமைகள் இருந்தன. பிரஜைகளின் கடமைப் பட்டியல் இல்லை. அது நுழைந்தது 1976-ல், அவசரநிலை இருட்டில், 42-வது திருத்தத்தின் வழியாக. தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அந்த வேளையில்தான் சர்க்காருக்கு நம் கடமை ஞாபகம் வந்தது! விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பதும் அந்தப் பட்டியலில் ஒரு கடமைதான். அதை மட்டும் கனவான்கள் சௌகரியமாக விழுங்கிவிடுகிறார்கள்.

தீண்டாமை பெருங்குற்றம் என்று பாடநூலிலேயே அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். சிதம்பரத்துக்கு அருகே தெற்குத் திட்டையில் நடந்தது என்ன? மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவி, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்களுக்கு நாற்காலி! 2020 அக்டோபரில் புகைப்படம் வெளியாகி நாடே பார்த்த பிறகுதான் வழக்கும் வந்தது, ஊராட்சிச் செயலரின் தற்காலிகப் பதவி நீக்கமும் வந்தது. பாடம் படிக்க வேண்டியது பிள்ளைகளா, நாற்காலிக்காரர்களா?

இதே சிதம்பரத்தில் 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அவர் காங்கிரஸ்காரர், துறவி. நமது பாதை வேறு. ஆனால் கல்விக்கூடத்தின் வாசலே மூடிக்கிடந்த சேரிப் பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்து எழுத்தறிவித்தார். நூறு கடமைப் பிரசங்கங்கள் இதற்கு ஈடாகுமா?

பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கற்பிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாகக் கற்பியுங்கள்! அப்பனின் கூலிக் கணக்கைச் சரிபார்க்கக் கற்பியுங்கள். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, குடிநீர்க் குழாய்க்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று மனு எழுதக் கற்பியுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கும் பையனை அதிகப்பிரசங்கி என்று அடக்காதீர்கள்.

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! 2009 கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. ஊர்ப் பெரிய மனிதர் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருவதற்கல்ல அந்த இடம். பகலில் கூட்டம் போட்டால் நமக்கு ஒருநாள் கூலி போகும். நடவு முடிந்து, ஷிப்டு முடிந்து வரும் நேரத்தில் கூட்டம் போடு என்று கேட்போம். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று இந்த வாரமே தலைமையாசிரியரிடம் போய் விசாரியுங்கள்; வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள்.