நாலு கோடு, ஒரு புள்ளி, ஊர்ப்பட்ட அலட்சியம்

"இதெல்லாம் ஒரு பிரச்சினையாய்யா? கோடு கொஞ்சம் நெருக்கமா இருந்தா என்ன, தள்ளி இருந்தா என்ன? படிக்க முடியுதுல்ல, விடுவியா!"

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல நண்பர் ஒருத்தர் கேட்ட கேள்வி. அப்போதைக்கு சிரிச்சுட்டு டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன். ஆனா மனசு ஆறலை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்கா.

முதல்ல முன்கதை. ஒரு வருஷமா யுகலேலே பழகிட்டிருக்கேன். 1879-ல் மதீராத் தீவுல இருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் போன போர்த்துக்கீசியர்கள் கையோட கொண்டுபோன குட்டி வாத்தியத்துல இருந்து பிறந்தது. நாலே தந்தி. டேப்னு சொல்ற எழுத்துமுறையில நாலு தந்திக்கு நாலு கோடு, கோட்டு மேல எழுதியிருக்கிற எண்தான் எத்தனாவது ஃப்ரெட்னு சொல்லும். எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம்னு காட்ட எண்ணுக்குப் பக்கத்துல ஒரு குச்சி.

நான் பயன்படுத்துற ஒரு சின்ன இலவச மென்பொருள்ல இந்தக் கோட்டுக்கும் குச்சிக்கும் தீராத தகராறு. சாதாரண அஞ்சு கோட்டு நொட்டேஷன்ல ஒரு ஸ்வரத்தோட தலை சரியா ஒரு இடைவெளிக்குள்ள அடங்கும். டேப்ல அப்படி இல்ல, எண் கோட்டு மேலயே உட்காரணும். அதே இடைவெளியை வச்சா மேல் கோட்டு 3-ம் கீழ் கோட்டு 5-ம் முட்டிக்கிட்டு நிக்கும். லில்லிபாண்ட்ல டேப்புக்கு மட்டும் இடைவெளியை ஒன்றரை மடங்கா வச்சிருக்கறது சும்மா இல்ல. நானும் ஒன்றரை ஆக்கினேன். உடனே குச்சி எல்லாம் ஒன்றரை மடங்கு நீண்டு கீழ இருந்த பாட்டு வரியைக் குத்திடுச்சு! குச்சியோட நீளத்தையும் அதே இடைவெளியால பெருக்கி வச்சிருந்தார் எழுதின புண்ணியவான். ரெண்டையும் பிரிச்சு விட ஒரு ராத்திரி ஆச்சு.

அடுத்தது குச்சி மேல போகணுமா கீழ போகணுமாங்கற கதை. அஞ்சு கோட்டுல ஒத்தைக் குரல்னா விதி எளிசு. நடுக்கோட்டுக்குக் கீழ இருக்கிற ஸ்வரத்துக்குக் குச்சி மேல, மேல இருக்கிறதுக்குக் கீழ. ரெண்டு குரல் சேர்ந்து வந்தா மேல் குரலுக்கு மேல, கீழ் குரலுக்குக் கீழ. நம்ம மென்பொருள் என்ன பண்ணுச்சு? "நாலாவது தந்தி அடியில இருக்கு, அப்போ அதுதான் பேஸ், குச்சி கீழ"ன்னு முடிவு கட்டிடுச்சு. கிதாருக்கு அது பெரும்பாலும் ஒத்து வரும். யுகலேலேல வராது. ஜி, சி, ஈ, ஏ சுருதியில வழக்கமா அந்த நாலாவது ஜி தந்தி, மூணாவது சி-யைவிட மட்டுமில்ல, ரெண்டாவது ஈ-யைவிடவும் உசரம். பாட்டோட மெட்டே பல இடத்துல அந்தத் தந்தியிலதான் ஓடும். அதை பேஸ்னு காட்டினா வாசிக்கிறவன் மெட்டை அமுக்கிட்டு துணை ஸ்வரத்தைத் தூக்கி வாசிப்பான். பாட்டே மாறிப்போகும். குச்சியோட திசையைத் தந்தியை வச்சு முடிவு பண்ணாம குரலை வச்சு முடிவு பண்ணணும். திருத்தினது மொத்தம் பதினோரு வரி.

இதைத்தான் நண்பர் "அலங்காரம்"னு சொன்னார். அலங்காரமாம்!

சரி, யுகலேலேயை விடுங்க. அது ஹவாய்க்காரன் பாடு. நம்ம வீட்டுக் கதைக்கு வாங்க.

திருச்செந்தூர்ல எங்க அத்தை ஒரு பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அவங்க கிட்ட நாலு நோட்டு இருக்கு, முழுக்க ஸ்வரம். அதுல பாதி காவடிச் சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரோட பாட்டுங்க. வார்த்தை எல்லாம் புஸ்தகத்துல கிடைக்கும். ஆனா அத்தை எழுதி வச்சிருக்கிற மெட்டு, அவங்க சின்ன வயசுல காவடி தூக்கி நடந்து வந்தவங்க கிட்ட கேட்டு எழுதினது. யூட்யூப்ல தேடிப் பார்த்துட்டேன், அந்த மெட்டு இல்ல. ரெண்டு வருஷமா அத்தைக்குத் தொண்டையில பிரச்சினை. மேல் ஸ்தாயி எட்டவே மாட்டேங்குது. இனி பாடிக் காட்ட முடியாது. மிச்சம் இருக்கிறது அந்த நாலு நோட்டுதான்.

"நான் டைப் பண்ணித் தர்றேன் அத்தை"ன்னு வீராப்பா வாங்கிட்டு வந்தேன். ஒரு மாசம் டைப் அடிச்சு, பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கம் பார்த்தாங்க.

"எய்யா, இதுல மேல் ஸட்ஜம் எங்கய்யா?"

தார ஸ்தாயிக்கு எழுத்துக்கு மேல ஒரு புள்ளி வைக்கறது வழக்கம். மந்தர ஸ்தாயிக்குக் கீழ ஒரு புள்ளி. தமிழ்ல எழுத்துக்கு மேல புள்ளி வச்சா அது என்ன? மெய்யெழுத்து! நான் மேல் ஸட்ஜத்தை "ஸ்"னு அடிச்சிருக்கேன். பாட்டு வரியில வர்ற "ஸ்"ஸும் அதேதான். எது ஸ்தாயி, எது வெறும் மெய்னு கண்ணுக்கும் தெரியலை, மெஷினுக்கும் தெரியலை. தனிப் புள்ளி போட்டுப் பார்த்தேன். என் கம்ப்யூட்டர்ல சரியா வந்தது, அத்தை போன்ல புள்ளிவட்டமா வந்து பல்லைக் காட்டுச்சு. 'ரி', 'நி' மேல வச்சா மேல்விலங்கு மேல மோதுது. கீழ்ப் புள்ளிக்குக் கீபோர்டுல பொத்தானே இல்ல.

இது மட்டுமா? இரண்டாம் காலம்னா ஸ்வரத்துக்கு மேல ஒரு கோடு, மூணாம் காலம்னா ரெண்டு கோடு. காப்பி பேஸ்ட் பண்ணினா கோடு காணாமப் போகும், பாட்டு பாதி வேகத்துல நகரும். ஸ்வரத்துல 'க3'ன்னா அந்தர காந்தாரம். அதுவே பாட்டு வரியில க பக்கத்துல 3 வந்தா சமஸ்கிருத உச்சரிப்புக் குறி. ஒரே பக்கத்துல ஒரே எழுத்து, ஒரே எண், ரெண்டு அர்த்தம். ஸ்வரத்துக்குக் கீழ பாட்டு வரியை ஸ்பேஸ் தட்டித் தட்டி நேரா நிக்க வச்சா, வேற ஃபாண்ட்ல திறந்த உடனே வரிசை குலைஞ்சு, எந்த எழுத்து எந்தத் தட்டுல விழுதுன்னே தெரியாது.

இப்போ சொல்லுங்க, இது அலங்காரமா? இடைவெளி போனா தாளம் போச்சு. புள்ளி போனா ஸ்தாயி போச்சு. அப்புறம் மிச்சம் என்ன இருக்கு பாட்டுல?

"நம்ம சங்கீதம் காதால கத்துக்கறது, இந்த நொட்டேஷன் எல்லாம் வெள்ளைக்காரன் வேலை"ன்னு ஒரு கோஷ்டி உடனே கிளம்பும். அவங்களுக்காகவே எட்டயபுரம். எங்க ஊர்ல இருந்து தூத்துக்குடி போய், கோவில்பட்டி ரோட்டைப் பிடிச்சா வந்துடும். பாரதி பிறந்த ஊர்னு மட்டும்தான் நமக்குத் தெரியும். அந்த ஊர்லதான் 1904-ல் சுப்பராம தீட்சிதரோட சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி அச்சாச்சு. 1890-கள்ல கர்நாடக இசையை ஐரோப்பிய நொட்டேஷன்ல அச்சுப் போட்ட சின்னசாமி முதலியார், தீட்சிதர் கிட்ட இருந்த பாடமெல்லாம் எழுத்துல வரணும்னு விடாப்பிடியா நின்னார். எட்டயபுரம் ஜமீன் ஆதரவு கொடுத்தது. தெலுங்கு லிபியில, ஆயிரம் பக்கத்துக்கும் மேல. வெறும் ஸரிகம இல்ல சாமி! கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கு ஒரு சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ஞ்ச கோடுன்னு கமகத்துக்குக் கமகம் தனிக்குறி. அதெல்லாம் ஈய எழுத்துக் காலத்துல, தூரத்து ஜமீன் ஊர் ஒண்ணுல! தமிழ் லிபியில அது வர 1961-ல் மியூசிக் அகாடமி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

காதால கத்துக்கறதுல பிறந்து வளர்ந்த பரம்பரைக்காரர்தான் அவர். அவருக்கே தெரிஞ்சிருக்கு, காது ஒரு தலைமுறையில அடைபடும்னு. நமக்குத் தெரியலை.

என் கோவம் நம்ம மேலதான், குறிப்பா என்னை மாதிரிப் பொட்டி தட்டுறவங்க மேல. முத்தமிழ்ல நடுத்தமிழ் இசைன்னு மேடைக்கு மேடை முழங்குவோம். ஆபீஸ்ல எவனோ ஒருத்தனோட பட்டன் ரெண்டு பிக்சல் நகர்ந்துட்டா ராத்திரி பன்னெண்டு மணிக்கு உட்கார்ந்து சரி பண்ணுவோம். அத்தையோட புள்ளி நகர்ந்தா மட்டும் "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க". லில்லிபாண்டை 1996-ல் ரெண்டு டச்சுக்காரங்கதான் ஆரம்பிச்சாங்க. அச்சுல வர்ற இசை அசிங்கமா இருக்கேங்கற எரிச்சல்தான் முதலீடு. நமக்கு ஏன் அந்த எரிச்சல் வரமாட்டேங்குது?

என்ன செய்யலாம்? நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. ஸ்வரத்தை எழுத்தா சேமிக்காதீங்க. எந்த ஸ்வரம், எந்த ஸ்தாயி, எத்தனை அட்சரம், கீழ எந்த அசை, இந்த நாலையும் தனித்தனியா வச்சுக்குங்க. புள்ளியையும் கோட்டையும் நிரல் வரையட்டும். அப்போ ஸ்தாயிப் புள்ளியை எழுத்தை விட்டு நல்லா விலக்கி, மெய்ப்புள்ளியோட குழம்பாத உசரத்துல வைக்கலாம். ஃபாண்ட் மாறினாலும் தாளம் நகராது. யுகலேலே குச்சிக்கும் இதே பாடம்தான். என்ன அர்த்தம்னு முதல்ல வச்சுக்கணும், எப்படி வரையறதுன்னு அப்புறம்.

எழுத ஆரம்பிச்சுட்டேன். முதல் நோட்டுல ஒன்பது பாட்டு ஏறியிருக்கு. போன ஞாயித்துக்கிழமை அத்தை கிட்ட ஒரு பக்கம் காட்டினேன். விரலால தொடையில தாளம் போட்டுக்கிட்டே, சத்தம் வராம உதட்டை மட்டும் அசைச்சுக் கடைசி வரி வரைக்கும் போனாங்க. மேல் ஸட்ஜம் வந்த இடத்துல புருவம் மட்டும் மேல ஏறுச்சு.

"இப்பச் சரியா இருக்குய்யா"ன்னாங்க.

கேண்டீன் நண்பருக்கு என் பதில் அந்தப் புருவம்தான். உங்க வீட்டுப் பரண்லயும் இந்த மாதிரி ஒரு நோட்டு கிடக்கும். கரையான் அரிக்கறதுக்கு முன்னாடி எடுத்துப் பாருங்க. டைப் அடிக்கும்போது தயவு செஞ்சு அந்தப் புள்ளியை விட்டுடாதீங்க சாமிகளா :-)