வாய்க்காலுக்கு மேற்கே

சென்ற கோடை விடுமுறையில் நண்பர் இருவருடன் புதுச்சேரி சென்று மூன்று நாள் தங்கியிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து விழுப்புரம் வரை புகைவண்டி, அங்கிருந்து பேருந்து. எம் வயதினர் இக்காலத்தே அவ்வூருக்குச் செல்வது பெரும்பாலும் கடலை அடுத்துள்ள வெள்ளை நகரத்தைக் காணும்பொருட்டே. யாமும் அங்ஙனமே சென்றோம். துய்மா வீதியிலும் ரோமன் ரோலன் வீதியிலும் மஞ்சள் தீற்றிய மதில்கள், அவற்றின்மேற் கவிந்த காகிதப்பூக் கொடிகள், தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர் பொறித்த நீலத் தகடுகள், ஓவியக் கூடங்கள், காப்பிக் கடைகள் எல்லாம் கண்ணுக்கு இனியனவே; அதனை மறுப்பேனல்லேன். ஒரு குவளைக் காப்பிக்கு யாம் கொடுத்த விலையை மட்டும் ஈண்டு எழுதாது விடுகிறேன். என் அன்னையார் இவ்விதழைப் படிப்பதுண்டு.

இரண்டாம் நாள் ஓர் ஐயம் எழுந்தது. ஒரு மதிலின்முன் நின்று படம் பிடித்துக்கொள்ளக் காத்திருந்தோர் பதின்மர். அம்மதிலுக்குப் பின்னே வாழ்வார் யாரென வினவியோர் ஒருவருமிலர். யான் வினவினேன். அது விடுதி என்றனர். அடுத்த வீடும் விடுதியே.

கலைஞர்க்கு உரிய இடமென இன்று பலரும் இவ்வீதிகளையே புகழ்கின்றனர். அப்பெயர்க்கு உண்மையில் உரிய இடத்தைக் காண விழைவோர் பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே செல்லல் வேண்டும். ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி 1908-இல் வந்த பாரதியார் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்தார். அவர் நினைவில்லம் ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் உளது. 1910-இல் வந்த அரவிந்தர் முதலில் தங்கியது கோமுட்டிச் செட்டி வீதியில். அவ்வாண்டே வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பாரதிதாசன் நினைவில்லமோ பெருமாள் கோயில் வீதியில். கையிற் காசின்றி, ஒற்றர் பின்தொடர, பாட்டும் வாதுமாய்ப் பொழுது கழித்த அக்கூட்டத்தார் எம்மதிலின் முன்னும் படத்திற்கு நின்றாரல்லர்.

அவ்வீதிகளில் எம்மைக் கவர்ந்தவை திண்ணைகளும், அவற்றின் முன்னே மரத்தூண் தாங்கத் தெருப்பக்கம் இறங்கும் தாழ்வாரங்களும். வெயிலுக்கு ஒதுங்கும் வழிப்போக்கன் எவரையும் கேளாமல் அங்கே அமரலாம். வைசியாள் வீதியைப் பழமை கெடாமற் செப்பனிட்ட பணி 2008-இல் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றது. பிற வீதிகளில் தாழ்வாரங்கள் இடிந்து கடைகளாகி வருகின்றன. (மிஷன் வீதிப் பேராலயத்தை மக்கள் 'சம்பா கோயில்' என்கின்றனர். தூய பவுலின் பெயர் தமிழர் நாவிற் புகுந்து சம்பாவான விந்தையை எண்ணித் தமிழ் பயில்வோன் எவனும் மகிழ்வான்.)

ஒரு வீதி காக்கப்படுகிறதா என்பதற்கு யான் கொள்ளும் அளவு ஒன்றே: மாலையில் அவ்வீட்டார் வாயிலில் வந்து அமர்கின்றனரா? இவ்வளவாற் பார்ப்பின் வெள்ளை நகரின் அழகிய வீடுகள் பலவும் தோற்றன. மேற்கே, சுண்ணம் உதிர்ந்த ஒரு வீட்டின் திண்ணையில் முதியோர் இருவர் எமக்கு இடம் விட்டு நகர்ந்தமர்ந்தனர்.

அப்பொழுதே எங்கள் திண்டுக்கல் வீடு நினைவுக்கு வந்தது. என் பாட்டனார் பூட்டுத் தொழிலாளர். எங்கள் ஊர்ப் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு முன்னரே அவர் காலமாயினார். அவர் அரமும் சுத்தியுங் கொண்டு உழைத்தது வீட்டுத் திண்ணையிலேதான். பூட்டுச் செய்வார் வீட்டிற் பூட்டில்லா இடம் அஃதொன்றே. இவ்வாண்டு அதனை இடித்துக் கடை கட்டி வாடகைக்கு விடத் தந்தையார் எண்ணியுள்ளார்.

புதுச்சேரியிலிருந்தே தொலைபேசியில் அவரோடு பேசினேன். தாழ்வாரம், யுனெஸ்கோ, பாரதியார் எல்லாம் எடுத்துரைத்தேன். பொறுமையுடன் கேட்ட அவர், "சரி தம்பி, உன் தங்கச்சி படிப்புக்குப் பணம் யார் தருவா?" என்றார். யான் மறுமொழி கூறவில்லை. கொத்தனார் தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.