பழைய மாணவரும் பழைய உடையும்

எமது கல்லூரியின் ஜூபிலி விழாவையொட்டிக் கட்டிட நிதி, புலமைப்பரிசில் நிதி, விளையாட்டு நிதி எனப் பல நிதிகளைப் பற்றிய பேச்சு எழுந்துள்ளது. அவை யாவும் வேண்டியனவே. ஆயின், ஒரு மண்டபமும், இரண்டு தையற் பொறிகளும், ஒரு சனிக்கிழமையும் மாத்திரமே வேண்டும் முயற்சி ஒன்றனை அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றேன். ஆண்டுதோறும் புதிய வகுப்புத் தொடங்குமுன் கல்லூரியில் உடைப் பரிமாற்று நாள் ஒன்று நடைபெறல் வேண்டும் என்பதே அது.

வளரும் பிள்ளையின் உடை தேய்ந்து கழிவதிலும் அளவு போதாமற் கழிவதே அதிகம். சென்ற ஆண்டு தைத்த நீலக் காற்சட்டை இவ்வாண்டு இடுப்பிற் பொருந்தாது. மேல் வகுப்பின் வெள்ளை நீளக் காற்சட்டையோ உயர்தரப் பரீட்சை முடிந்த அன்றே வேலையற்றுப் போகின்றது. முன்னாளில் அண்ணன் உடை தம்பிக்கும், அவனுக்குப் பின் ஒன்றுவிட்ட தம்பிக்கும் சென்றது. இன்று வீட்டுக்கு ஓரிரு பிள்ளைகளே. உடை அலுமாரியிற் கிடந்து பழுப்பேறுகின்றது. அரசினர் 1993ஆம் ஆண்டு முதல் இலவசச் சீருடைத் துணி வழங்கி வருவது உண்மையே. ஆயினும் அதனைக் கொண்டு கிழமை முழுவதும் மாற்றி உடுத்தல் அரிது. தையற்கூலியும் பெற்றோர் தலையிலேயே விழுகின்றது.

உலகை நோக்கின் நிலைமை இன்னும் பெரிது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 92 மில்லியன் தொன் துணிக் கழிவு சேர்வதாக ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டம் கூறியுள்ளது. சிலி தேசத்து அற்றகாமாப் பாலைவனத்திலே பிற நாட்டார் கழித்த உடைகள் குன்றுகளாய்க் குவிந்து கிடக்கின்றன. அவற்றுட் பெரும்பாகமான பொலியெஸ்ரர் பெற்றோலியத்தினின்று பிறப்பது, எளிதில் மக்காது. பருத்தியோ நீரை உண்பது. ஒரு சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைவித்து ஆடையாக்க ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செலவாகும் என்பர். கிணற்று நீரை நம்பி வாழும் எம்மவர்க்கு இக்கணக்கை விளக்கவேண்டியதில்லை.

நிற்க. இதனைத் தருமமாகச் செய்யாது பரிமாற்றாகச் செய்தல் வேண்டும் என்று யான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது யான் எட்டாம் வகுப்பு மாணவன். உடுத்த உடையோடு வந்தோருள் எங்கள் குடும்பமும் ஒன்று. ஓரிடத்தில் எம்மை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு உடை வழங்கினார்கள். எனக்குக் கிடைத்த வெள்ளைச் சட்டையின் கையில் வாழைக்கயர் பட்ட கறை இருந்தது. அதனை அணிந்து வகுப்புக்குச் சென்றபோது, முன் வாங்கில் இருந்த ஒருவன் அக்கறையை உற்று நோக்கிவிட்டு மறுபுறம் திரும்பிக்கொண்டான். நல்லவன், ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆயினும் அந்தத் தவணை முழுவதும் யான் அக்கையை மடித்தே அணிந்தேன்.

ஆதலால் விதிகள் சில வேண்டும். கறைபட்டதும் கிழிந்ததும் மேசைக்கு வரலாகாது. பெயர் தைத்திருந்தால் முன்னரே பிரித்துவிடல் வேண்டும். கொண்டுவருபவனுக்கு மாத்திரம் சீட்டுக் கொடுத்தால், கொண்டுவர ஒன்றுமில்லாதவன் வெளிப்பட்டு நிற்பான். ஆகவே கல்லூரி மாணவர் ஒவ்வொருவருக்கும், அதிபரின் மகனாயினும் சரி, மூன்று சீட்டுகள் வகுப்பிலேயே வழங்கப்படுக. எவர் எதைத் தந்தார், எவர் எதை எடுத்தார் என்ற பதிவேடு வேண்டவே வேண்டாம். இது பரிமாற்றாகுமா என வினவுவார் உளர். பழைய மாணவரும் தருவோராக வருவதால் உடை குறையாது என்பதே என் எண்ணம்.

பிறர் உடுத்ததை உடுப்பதா எனப் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பர். பட்டமளிப்பு நாளில் நாம் வாடகைக்கு எடுத்து அணியும் அங்கியை எத்தனை பேர் அணிந்தனரோ! அப்படத்தையன்றோ சுவரில் மாட்டி வைத்திருக்கின்றோம்? மணமகனின் தலைப்பாகையும் பல இடங்களில் வாடகைக்கு வருவதே. இரவல் அங்கியில் இல்லாத இழிவு, தோய்த்து மினுக்கிய சட்டையில் எங்ஙனம் வந்தது?

வெளிநாடுகளில் வாழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளிரங்கிகளை அனுப்பற்க. அவற்றின் கப்பற்கூலியைத் தையற்காரருக்கு அனுப்பினால் பொத்தானும் விளிம்பும் திருத்தலாம். மேசையில் எஞ்சும் பருத்தி உடைகளைத் துண்டாக்கினால் சைக்கிள் திருத்துவோர் விரும்பி வாங்குவர். பொலியெஸ்ரர் அவர்களுக்கும் அத்துணை உதவாது. அதனை என் செய்வது என்பதைச் சங்கத்து அறிஞர் ஆராய்வாராக.

என் மகனின் நீலக் காற்சட்டைகள் இரண்டும் வெள்ளைச் சட்டைகள் மூன்றும் தோய்த்து மடித்து ஆயத்தமாக இருக்கின்றன. காற்சட்டையின் இடுப்பளவு 26 அங்குலம். மண்டபமும் நாளும் குறிக்கப்படுவதே பாக்கி.